மழலைகளை உற்றுநோக்கிய அறிஞர்

தவழத் தொடங்கிய குழந்தையின் கையில் எது கிடைத்தாலும் அது நேரே வாய்க்குத்தான் போகும். சாவிக்கொத்து, செருப்பு, நாளிதழ், அண்ணனின் அழிப்பான் என எதையும் அது விட்டுவைப்பதில்லை. பெரியவர்கள் பதறி ஓடிவந்து பிடுங்குவார்கள். குழந்தை வீரிட்டு அழும். வீட்டுக்கு வீடு நடக்கும் இந்தக் காட்சியைக் கண்டு, குழந்தை ஏன் இப்படிச் செய்கிறது என்று நிதானமாகச் சிந்தித்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர்தான் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே.

பியாஜே 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் நியூஷாட்டல் என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பல்கலைக்கழகப் பேராசிரியர். தாயாரோ மனநலக் குறைவால் துன்புற்றவர். அதனால் வீட்டில் அமைதி குறைந்திருந்தது. சிறுவன் பியாஜே விளையாட்டைக் குறைத்துக்கொண்டு, தந்தையைப் போலவே உழைப்பில் மனத்தைச் செலுத்தினான். பத்து வயதில், பூங்காவில் தான் கண்ட வெண்ணிறச் சிட்டுக்குருவியைப் பற்றி ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதினான். அக்குறிப்பு ஓர் இயற்கை அறிவியல் இதழில் வெளிவந்தது.

அதன் பிறகு, நகரின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. வாரம் இருமுறை அங்குச் சென்று, நத்தை ஓடுகளையும் சிப்பிகளையும் வகை பிரித்துப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதில் இயக்குநருக்கு உதவினான். ஓடி ஒளியாத நத்தையை மணிக்கணக்கில் பொறுமையாகப் பார்க்கலாம். பார்த்ததை அப்படியே எழுதவேண்டும். அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. இந்தப் பாடத்தை அவன் அங்கேதான் கற்றான். பள்ளிப் பருவத்திலேயே நத்தைகளைப் பற்றி அவன் எழுதிய கட்டுரைகள் பல இதழ்களில் வெளியாகின. அவற்றைப் படித்தவர்கள் அவனைப் பெரிய ஆய்வாளர் என்றே எண்ணினர். ஜெனீவா அரும்பொருளகம் அவனுக்குப் பதவி ஒன்றைத் தர முன்வந்தது. பள்ளிப் படிப்பே இன்னும் முடியாததால் அவன் அதை ஏற்கவில்லை!

1918ஆம் ஆண்டில் பியாஜே நத்தை இனங்களைப் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். எனினும், மனிதனுக்கு அறிவு எப்படி வளர்கிறது என்னும் கேள்வி அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. விடை தேடி அவர் பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கே பள்ளி மாணவர்களுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சரியான விடைகளை எண்ணி மதிப்பெண் போடுவதே வேலை. ஆனால், பியாஜேயின் கவனம் தவறான விடைகளின்மீது சென்றது. ஒரே வயதுடைய பிள்ளைகள் ஒரே மாதிரியான தவறுகளைச் செய்வதை அவர் கண்டார். அப்படியானால், குழந்தை அறிவு குறைந்த பெரியவர் அன்று. அதற்கென்று தனியான சிந்தனை முறை இருக்கிறது என்று அவர் உணர்ந்தார். அந்த உணர்வே அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனையாக அமைந்தது.

1921ஆம் ஆண்டில் ஜெனீவாவிலுள்ள ரூசோ கல்விக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1923ஆம் ஆண்டில் வாலன்டின் என்னும் பெண்மணியை அவர் மணந்தார். அவர்களுக்கு ஜாக்குலின், லூசியன், லோரான் என மூன்று குழந்தைகள் பிறந்தனர். பேசத் தெரியாத குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாது. அது செய்வதைத்தான் பார்க்க முடியும். நத்தைகளிடம் கற்ற பொறுமை இப்போது அவருக்குக் கைகொடுத்தது. கணவனும் மனைவியும் தங்கள் குழந்தைகளை நாள்தோறும் உற்றுநோக்கி, கண்டவற்றைத் தேதியுடன் குறித்து வைத்தனர்.

பிறந்த குழந்தை தன் உதட்டில் படுவதையெல்லாம் சூப்புகிறது. இஃது எவரும் கற்றுத் தராத அனிச்சைச் செயல். ஆனால், சில வாரங்களிலேயே மகன் லோரான், பால் தரும் இடத்தையும் வேறு இடங்களையும் வாயாலேயே பிரித்தறிந்ததைப் பியாஜே கண்டார். பசித்த நேரத்தில் போர்வை உதட்டில் பட்டால், குழந்தை சற்றே சூப்பிவிட்டுத் துப்பியது. பசியில்லாத நேரத்திலோ கையையும் துணியையும் சூப்பி மகிழ்ந்தது. பின்னர், தற்செயலாக வாய்க்குச் சென்ற கட்டைவிரலை, வேண்டும்போது கொண்டுசெல்லப் பழகியது. சில மாதங்களில், கையில் பிடித்த கிலுகிலுப்பையும் வாய்க்குச் சென்றது.

இதைப் பெரியவர்கள் வெறும் கெட்ட பழக்கமாகக் கருதினர். பியாஜே இதில் கற்றலைக் கண்டார். குழந்தைக்கு முதலில் தெரிந்த வேலை சூப்புவதுதான். எனவே, புதிய பொருள் எதுவாயினும் அதைச் சூப்பியே அறிய முயல்கிறது. இதனை அவர் தன்வயப்படுத்துதல் என்றார். ஆனால், எல்லாப் பொருளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ரொட்டித் துண்டு வாயில் ஊறி மென்மையாகிறது. மரவளையம் கடினமாகவே இருக்கிறது. பெரிய பொருளுக்கு வாயை அகலத் திறக்கவேண்டும். இப்படிப் பொருளுக்கு ஏற்பக் குழந்தை தன் செயலை மாற்றிக்கொள்வதைப் பொருத்திக்கொள்ளுதல் என்றார். இவ்விரண்டும் மாறி மாறி நிகழ்வதால்தான் அறிவு வளர்கிறது என்பது அவருடைய கொள்கை. பிறப்பு முதல் ஏறத்தாழ இரண்டு வயது வரையிலான காலத்தை அவர் புலனியக்கப் பருவம் என்று அழைத்தார்.

ஒருநாள், எட்டு மாதம் நிறையாத ஜாக்குலின் பொம்மை வாத்து ஒன்றை எடுக்கக் கை நீட்டினாள். வாத்து நழுவி விரிப்பின் மடிப்பில் மறைந்தது. நழுவியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆயினும், அது கண்ணுக்கு மறைந்தவுடன் தேடாமல் விட்டுவிட்டாள். பியாஜே அதை எடுத்துக் காட்டி மீண்டும் மறைத்தபோதும் அவ்வாறே செய்தாள். கண்ணில் படாத பொருளும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பதைக்கூடக் குழந்தை சிறிது சிறிதாகவே அறிந்துகொள்கிறது என்று பியாஜே முடிவு செய்தார்.

இன்னொரு நிகழ்ச்சி அதைவிட வியப்பானது. லூசியனுக்கு அப்போது ஒரு வயதும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. பியாஜே ஒரு தீப்பெட்டிக்குள் சங்கிலியை வைத்து, சிறிய இடைவெளி மட்டும் விட்டு மூடிக் கொடுத்தார். விரலை உள்ளே விட்டும் சங்கிலியை எடுக்க முடியவில்லை. லூசியன் சற்று நேரம் அந்த இடைவெளியையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் வாயைச் சிறிதாகத் திறந்து மூடினாள். மீண்டும் மீண்டும் முன்னைவிட அகலமாகத் திறந்தாள். உடனே விரலால் பெட்டியை இழுத்துத் திறந்து சங்கிலியை எடுத்துவிட்டாள்! பெட்டி இன்னும் அகலமாகத் திறக்கவேண்டும் என்பதைச் சொல்ல அவளிடம் சொற்கள் இல்லை. அதனால் அவள் வாயசைவாலேயே சிந்தித்தாள். பால் குடிக்கப் பயன்பட்ட வாய், பொருளை அறியும் கருவியாகி, இப்போது சிந்தனைக்கும் துணைநின்றது.

இந்தக் குறிப்புகளின் அடிப்படையில் பியாஜே எழுதிய நூல் 1936ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் மூன்று குழந்தைகளை மட்டும் பார்த்துவிட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான விதி கூறலாமா என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். அவர் கூறிய வயதுக்கு முன்பே குழந்தைகள் பலவற்றை அறிகின்றனர் என்று பின்வந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எனினும், குழந்தை தானே செய்து பார்த்துக் கற்கிறது என்னும் அவருடைய கருத்து பல நாட்டுப் பாலர் பள்ளிகளிலும் வகுப்பறைகளிலும் இடம்பிடித்தது. அனைத்துலகக் கல்விப் பணியகத்தை அவர் 1929ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் வழிநடத்தினார். முதுமையிலும் ஆய்வை நிறுத்தாத அவர், 1980ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் ஜெனீவாவில் தமது 84ஆம் வயதில் காலமானார்.

பொத்தான், நாணயம், சிறிய மின்கலம் போன்றவை குழந்தையின் கைக்கு எட்டாதவாறு வைப்பது பெரியவர்களின் கடமை. அதில் கவனக்குறைவு கூடாது. ஆனால், தூய்மையான, விழுங்க இயலாத பொருளை மழலை ஒன்று மென்று பார்க்கும்போது, கோபத்துடன் பிடுங்கத் தேவையில்லை. அது குறும்பு செய்யவில்லை, பாடம் படித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்தைப் பொறுமையுடன் பார்க்கக் கற்றுத் தந்தவர் ஜீன் பியாஜே.