ஆடம் ஸ்மித்தைச் சீனத்துக்குக் கொணர்ந்தவர்

பொருளியல் ஆசிரியனாக ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' நூலைப் பல்லாண்டு வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அந்நூலைச் சீனத்தில் பெயர்த்த யான் ஃபூ பொருளியல் பட்டம் பெற்றவரல்லர். கடற்படைக் கல்வி பயின்றவர்.

1854-இல் ஃபூஜியான் மாகாணத்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். தந்தை மறைந்ததும் குடும்பம் நொடித்தது. உதவித்தொகை தந்த ஃபூஜோ கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஆங்கிலமே பாடமொழி. 1877-இல் இங்கிலாந்து சென்று கிரீனிச் அரச கடற்படைக் கல்லூரியில் பயின்றார். திரும்பிவந்து தியான்ஜினில் ஆசிரியரானார். ஆயினும் அன்றைய சீனத்தில் மதிப்பளித்தது மரபிலக்கியத் தேர்வு ஒன்றே. அதில் நான்கு முறை தோற்றார். அபின் பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டது.

1895-இல் ஜப்பானிடம் சீனா அடைந்த தோல்வி அவரை எழுத்தின்பால் திருப்பியது. மேலைநாட்டு வலிமையின் வேர் கப்பலிலும் பீரங்கியிலும் இல்லை, சிந்தனையில் உள்ளது என்று கருதினார். 1898-இல் வெளிவந்த ஹக்ஸ்லியின் பரிணாம நூற் பெயர்ப்பின் முன்னுரையில் மூன்று இலக்கணங்களை வகுத்தார்: மூலத்துக்கு உண்மை, பொருள் தெளிவு, நடைச் செம்மை. சீன மொழிபெயர்ப்பியல் இன்றும் இம்மூன்றைச் சுற்றியே வாதிடுகிறது.

1901-02-இல் ஸ்மித்தின் நூல் வந்தது. சில பகுதிகளைச் சுருக்கினார். நூற்றுக்கணக்கான குறிப்புகளைத் தாமே சேர்த்தார். முதல் இலக்கணத்தை அவரே மீறினார் என்பேன். நடையோ பழஞ்செம்மொழி. மாணவருக்கு எட்டாத நடை என லியாங் சீச்சாவ் குறைகூறினார். பழம்பனுவல் கற்றோருக்கே தாம் எழுதுவதாக யான் ஃபூ மறுமொழி தந்தார். எவருக்காகப் பெயர்க்கிறோம் என்பதே நடையைத் தீர்மானிக்கிறது என்று இன்றைய மொழியியலார் கூறுவதை அவர் அன்றே நன்கறிந்திருந்தார். அதிகாரம் அந்தக் கற்றோர் கையில்தானே இருந்தது!

என்னை மிகவும் ஈர்ப்பது அவர் எங்கள் துறைக்கு இட்ட பெயர். ஜப்பானியர் வழங்கிய 'ஜிங்ஜி' என்பது பழஞ்சீனத்தில் உலகை ஆண்டு மக்களைக் காத்தல் என்னும் பொருளுடையது. இத்துறைக்கு அது அளவு மீறிய சட்டை. கணக்கிடுதலைக் குறிக்கும் 'ஜி' என்ற சொல்லைக் கொண்டு 'ஜிஷுவே' என்று அமைத்தார். ஒரு சொல்லை உறுதிசெய்யப் பல நாள், சிலபோது மாதக்கணக்கில் தயங்கியதாக அவரே எழுதியுள்ளார். பொருளியலா பொருளாதாரமா என்று நாம் நடத்திய வாதங்களை நினைத்துக்கொண்டேன்.

பொருத்தத்தில் அவர் சொல்லே மேல் என்பது என் கருத்து. வென்றதோ 'ஜிங்ஜி'. ஜப்பானில் கற்றுத் திரும்பிய மாணவர் ஆயிரக்கணக்கில். அவர்கள் பெயர்த்த பாடநூல்களும் இதழ்களும் அச்சொல்லைப் பள்ளிதோறும் பரப்பின. சமூகத்துக்கும் பரிணாமத்துக்கும் அவர் தேர்ந்த சொற்களும் அவ்வாறே ஒதுங்கின.

1912-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகச் சில மாதங்கள் இருந்தார். 1921-இல் ஃபூஜோவில் காலமானார். தர்க்கவியல் நூலுக்குத் தலைப்பாக அவர் வைத்த 'மிங்ஷுவே' வழக்கொழிந்தது. ஆங்கில ஒலியை ஒட்டி அவர் எழுதிய 'லுவோஜி' இன்று சீனரின் அன்றாடப் பேச்சிலும் வழங்குகிறது.