எஞ்சினையே பாடமாகப் படித்த ஜி.டி. நாயுடு

கடலூரிலும் சிதம்பரத்திலும் மோட்டார் சைக்கிள் பட்டறைகளில், சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ஏட்டுப் படிப்பு குறைவு. கைப் பழக்கம் மிகுதி. இந்த வழியில் தொழில் கற்று, நாடறிந்த மேதையாக உயர்ந்தவர் கோவை ஜி.டி. நாயுடு.

1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானே ஓடுகிறது! நாயுடு வியந்தார். அதை வாங்கியே தீருவது என்று உறுதி கொண்டார். கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். கடைசியில் அந்த 'ரட்ஜ்' வண்டி அவருக்குச் சொந்தமாயிற்று.

அவர் சவாரியோடு நிற்கவில்லை. வண்டியை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார்.

எஞ்சின் சொல்லும் பாடம் எளிது. உள்ளே போவதும் வெளியே வருவதும் அளவாக இருக்க வேண்டும். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருகிறது. பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். பிளக்கில் கரி பிடிக்கும். குறைந்தால் எஞ்சின் சூடேறும். பிற்காலத்தில் கடலூர்–சிதம்பரம் சாலையில் ஓடிய சிறிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமானது. பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் சைலன்சரில் கரி அடையும். பழைய புகை போக வழியில்லை என்றால் புதுக் கலவைக்கு இடம் ஏது? வண்டி இழுக்காது.

1920-ல் நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டார். அது பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் தயாரித்தனர்.

1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். ஆனால் நான்கு வருடப் படிப்பு காலத்தை வீணாக்குகிறது என்பது அவர் கருத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா? அரசு இசையவில்லை. பதவி பெரிதல்ல என்று விலகினார். அந்தக் கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974 ஜனவரி 4-ந் தேதி நாயுடு மறைந்தார். பட்டம் பெறாத அவர் காட்டிய வழி ஒன்றுதான்: பொருளைக் கையில் எடு, பிரித்துப் பார், புரிந்துகொண்டு பூட்டு.