மனிதம் கண்ட வடலூர் வள்ளலார்

பிறவிகள் பலவற்றுள்ளும் மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்பது சைவ மக்கள் யாவரும் அறிந்ததே. கோயிற் பிரசங்கங்களிலும் அந்தியேட்டி வீடுகளிலும் கேட்டுப் பழகிய பேச்சு இது. ஆயின் அப்பிறவியை எடுத்த ஒருவன் எதனால் மனிதனாகின்றான் என்ற வினாவுக்கு விடைகள் வேறுபடுகின்றன. கல்வியால் என்பர் சிலர். ஆசாரத்தால் என்பர் சிலர். வழிபாட்டால் என்பர் வேறு சிலர். அயலில் ஓர் உயிர் பசித்திருக்கக் கண்டும் உருகாதவனிடத்தில் இவையனைத்தும் இருந்தும் பயனில்லை எனத் தெளிந்து, தெளிந்ததோடு நில்லாது ஓர் அடுப்பையும் மூட்டி வைத்தவர் வடலூர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என்று உலகம் போற்றுவது இவரையே.

அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூர் என்னும் கிராமத்தில் சுபானு வருடம் புரட்டாதி மாதம் 21ஆம் நாள், அதாவது 1823ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி அவதரித்தார். தந்தையார் இராமையாபிள்ளை ஊர்க் கணக்கர், தாயார் சின்னம்மையார். ஐவராகப் பிறந்த மக்களுள் இவரே இளையவர். பிறந்து ஓராண்டு நிறையுமுன்னரே தந்தையார் சிவபதம் அடைந்தார். கைம்பெண்ணான தாயார் குழந்தைகளுடன் தம் பிறந்தகப் பக்கம் சென்று, பின்னர் சென்னையிற் குடியேறினார். குடும்பப் பாரம் மூத்த தமையனார் சபாபதிப்பிள்ளை மீது விழுந்தது. அவர் புராண விரிவுரை செய்து அவ்வருவாயிற் குடும்பத்தை நடத்தினார்.

தம்பியைப் படிப்பித்து ஆளாக்கிவிட வேண்டுமென்பது தமையனாரின் கவலை. தம்பியோ பாடம் படிக்காது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியிலேயே பொழுதைக் கழித்தார். வெகுண்ட தமையனார் இனி இவனுக்கு வீட்டிற் சோறிடலாகாது என்று கட்டளையிட்டதாகவும், அண்ணியார் மனம் பொறாது கணவர் அறியாமல் அன்னமிட்டு வந்ததாகவும் வரலாறு கூறும். தமையனாரை இதற்காகக் குறைகூற வேண்டியதில்லை. அரைகுறை வருமானத்தில் பல வயிறுகளைப் பார்க்க வேண்டியவர் அவர். எனினும் பிற்காலத்தில் பல்லாயிரவருக்குச் சோறிட்ட பெருமான், தமது வீட்டிலேயே ஒளித்து வைத்த சோற்றை உண்டு வளர்ந்தவர் என்பது மறக்கத்தக்கதன்று. பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக அந்த அண்ணியாரையும் வணங்குதல் தகும்.

பள்ளியிற் கல்லாவிடினும் அடிகளாரின் புலமை இளமையிலேயே வெளிப்பட்டது. தமையனாருக்கு உடல்நலங் குன்றிய ஒருநாள் அவருக்குப் பதிலாகச் சென்று பெரியபுராண விரிவுரை செய்து சபையோரை வியப்பில் ஆழ்த்தினார். ஒழிவிலொடுக்கம் முதலிய நூல்களைப் பதிப்பித்தார். மனுநீதிச் சோழன் கதையை மனுமுறை கண்ட வாசகம் என உரைநடையில் எழுதினார். 1850இல் உறவினர் வற்புறுத்தலால் திருமணம் நிகழ்ந்ததாயினும் இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை.

சென்னை வாழ்வை விட்டு நீங்கிய அடிகளார், வடலூருக்கு அணித்தான கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் சுமார் ஒன்பது ஆண்டுகள் தங்கினார். அங்கு நீரூற்றி விளக்கெரித்த அற்புதத்தையே பலரும் விரித்துப் பேசுவர். அதனிலும் பெரிய அற்புதம் அடுத்து நிகழ்ந்தது. பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். அந்நிலத்தில் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி வடலூர்த் தருமச்சாலை ஆரம்பிக்கப்பட்டது. அன்று அடிகளார் மூட்டிய அடுப்பு அணையா அடுப்பு எனப் பெயர் பெற்று இற்றைவரை எரிகின்றது. ஒரு காணியை எழுதி வாங்குவதற்கும் பங்காளிகள் வழக்குப் பேசும் உலகில், பிறர் பசிக்கென எண்பது காணி கிடைத்தமை சிறிய காரியமன்று.

பசியைப் பற்றி அடிகளார் எழுதிய அளவுக்கு வேறெந்த அருளாளரும் எழுதினாரோ என்பது ஐயமே. சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் தமது உரைநடை நூலில், பசி வந்தால் ஓர் உடம்பில் என்னென்ன நேர்கின்றன என்பதை நாடி பிடித்த வைத்தியர் போல ஒவ்வொன்றாகக் கூறிச் செல்கின்றார். உறுப்புகள் சோர்வது மட்டுமல்ல, அறிவு மயங்குகின்றது, நினைவு கெடுகின்றது, கடவுளை நினைக்கும் ஆற்றலும் அற்றுப் போகின்றது என்பது அவர் கருத்து. பசி ஒருவனிடமிருந்து அவனது மனிதத் தன்மையையே பறித்துவிடுகின்றது. ஆகவே சோறிடுபவன் வயிற்றை மட்டும் நிரப்பவில்லை, மனிதனை மீட்டுக் கொடுக்கின்றான் என்பது இதனாற் பெறப்படும்.

துன்பப்படும் உயிரைக் கண்டு ஏன் இரங்க வேண்டும் என்ற வினாவுக்கும் அந்நூலில் விடையுண்டு. உயிர்கள் யாவும் ஒரே இறைவனாற் படைக்கப்பட்டமையால் அவை சகோதரர்கள். சகோதரன் துன்பப்படுமிடத்து உருக்கம் உண்டாதல் இயல்பு. அவ்வாறு உருகாதவர்க்கு ஆன்ம அறிவென்னும் கண்ணே ஒளி மழுங்கிவிட்டது என்கின்றார். அவர்களைக் கல்நெஞ்சர் என்று வைது ஒதுக்காது கண்பார்வை குன்றியவராகக் கொண்டமை அடிகளாரின் பெருந்தன்மை. பார்வை குன்றியவரைத் திருத்த முடியும் அல்லவா?

1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் திகதி வடலூரில் சத்திய ஞானசபையைத் திறந்து வைத்தார். எண்கோண வடிவினதாகிய இச்சபையில் ஏழு திரைகளுக்கப்பால் சோதி தரிசனம் காட்டப்படும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கொலையும் புலாலும் தவிர்த்தோரே ஞானசபையினுட் புகலாம் என்பது விதி. தருமச்சாலையிலோ உண்ண வருபவனிடத்தில் எதுவும் கேட்பதில்லை. நாடு, சமயம், சாதி, நடத்தை என எதனையும் விசாரியாது பசித்தவர் யாவராயினும் சோறிடல் வேண்டும் என்பதே அடிகளாரின் ஏற்பாடு. சாமி கும்பிடுவதற்கு நிபந்தனை வைத்தவர் சாப்பாட்டுக்கு நிபந்தனை வைக்கவில்லை. அன்னதானப் பந்தியில் இன்னார் முன்னே, இன்னார் பின்னே, இன்னார் வெளியே என்று பார்த்துப் பழகிய ஊர்களுக்கு இது விழுங்கக் கடினமான பாடம்.

ஈழத்தவர் அடிகளாரைப் பற்றிப் பேசும்போது நாவலர் பெருமானுடன் ஏற்பட்ட பிணக்கை நினையாதிரார். 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் அடிகளாரின் பாடல்களை அச்சிட்டுத் திருவருட்பா எனப் பெயரிட்டார். திருமுறைகளுக்கேயுரிய அருட்பா என்னும் பெயரை வேறு பாடல்களுக்கு இடலாகாது என நாவலர் மறுத்தெழுதினார். பிணக்கு முற்றி 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அங்கு நடந்ததாகச் சொல்லப்படும் கதைகள் இரு பக்கத்தாராலும் வளர்க்கப்பட்டவை, அவற்றை விட்டுவிடலாம். ஆனால் தம் பெயருடன் சுவாமிகள் என்ற பட்டத்தைச் சேர்ப்பதைக்கூட ஆரவாரமெனக் கருதி விலக்கியவர் அடிகளார் என்பதையும், சைவம் அழியும் காலத்தில் அதன் வேலியைக் காக்க நின்றவர் நாவலர் என்பதையும் ஒருசேர நினைத்தல் நன்று.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் திகதி, தை மாதத்தில், மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையில் ஓர் அறையினுட் சென்று அடிகளார் கதவைத் திருக்காப்பிட்டுக் கொண்டார். பின்னர் அரசாங்க அதிகாரிகள் அக்கதவைத் திறப்பித்துப் பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்போது வடலூரில் அடுப்பு மூட்டப்பட்டு ஒன்பது ஆண்டுகளாகியிருந்தன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பஞ்சம் வந்தது. பசித்த மக்களுக்காக இங்கே கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தியவர் வேறு யாருமல்லர், நாவலர் பெருமானே.