இரு தேசங்களின் புதல்வி

நேமத்தான்பட்டி முதலான செட்டிநாட்டு ஊர்களில், பெரிய வீடுகளின் சுவர்களில் முன்னோரின் உருவப் படங்கள் வரிசையாகத் தொங்கும். தான் எந்த வழியில் வந்தவன் என்பதை வீட்டுப் பிள்ளைக்கு அவையே சொல்லிவிடும். அவ்வாறு சொல்ல ஒரே பூர்வீக வீடு வாய்க்காத பெண்மணி ஒருவர், உற்றாரின் முகங்களைத் தாமே தீட்டி விடை தேடினார். அவர்தாம் ஓவியர் அமிர்தா ஷெர்கில்.

1913 ஜனவரி 30-ஆம் தேதி புடாபெஸ்ட் நகரில் அவர் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங், பஞ்சாப் சீக்கியப் பிரபு; தாயார் ஹங்கேரி தேசத்துப் பாடகி. 1921-இல் குடும்பம் சிம்லாவில் குடியேறியது. 1929-இல் சித்திரம் பயிலப் பாரிஸ் சென்ற அமிர்தா, அங்கே தங்கை இந்திராவையும் நண்பர்களையும் தம்மையுமே திரும்பத் திரும்பத் தீட்டினார்.

தங்கையையும் ஒரு பிரெஞ்சுத் தோழியையும் எதிரெதிரே உட்காரவைத்து 1932-இல் அவர் வரைந்த ‘இளம் பெண்கள்’, மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அவ்விரு பெண்களும் அமிர்தாவின் இரு பாதிகளே என்று கருதுவோர் உண்டு. 1934-இல் தம்மையே தாஹிதித் தீவுப் பெண்ணாகவும் தீட்டிப் பார்த்தார்.

ஐரோப்பா புகழ்ந்தபோதும் அவர் மனம் அங்கே தங்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் தாயகம் திரும்பினார். தந்தையின் உருவத்தை எழுதினார். அஜந்தாவைக் கண்டு, கன்னியாகுமரி வரை யாத்திரை செய்தார். அதன் பயனாகப் பிறந்தவையே ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார்’ என்னும் மூன்று ஓவியங்கள். உறவினர் முகங்களில் தொடங்கிய தேடல், முன்பின் அறியாத கிராமத்து ஏழைகளையும் உறவாக்கிக்கொண்டது.

1941 டிசம்பர் 5-ஆம் தேதி லாகூரில் அமிர்தா காலமானார். அப்போது அவருக்கு வயது 28. அவருடைய ஓவியங்கள் பல டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன.