பச்சையப்ப முதலியாரும் தருமக் கணக்கும்

மட்டக்களப்பு நாட்டிலே ஆலய பரிபாலனஞ் செய்பவரை வண்ணக்கர் என்று அழைத்தல் வழக்கம். பழந்தமிழில் வண்ணக்கன் என்னுஞ் சொல் நாணயத்தைச் சோதித்து நல்லதையுங் கள்ளத்தையும் பிரித்தறிபவனைக் குறித்தது. அச்சொல்லே கோயிற் பொருளைக் காப்பவருக்குப் பெயராய் நிற்றல் சிந்திக்கத்தக்கது. செட்டிபாளையத்திலே, கண்ணகையம்மன் சடங்குக்கு நெல்லும் பணமும் மனமுவந்து கொடுக்குஞ் சனங்களிடையே நாம் வாழ்கின்றோம். கொடுப்பாருக்கு எக்காலத்தும் குறைவில்லை. கொடுத்த பொருள் கொடுத்தவர் கருத்தின்படியே நிலைத்து நடத்தற்கு யாது வேண்டும் என்பதே வினா. அதற்கு விடையாகக் காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியாரவர்களுடைய சரித்திரத்தை உபாத்தியாயர்களுக்குச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

முதலியார் 1754ஆம் ஆண்டிலே தொண்டை நாட்டிற் பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார், தாயார் பூச்சியம்மாள். பிள்ளை பிறக்குமுன்னரே தந்தையார் இறந்தமையால், தாயார் தம் பெண்மக்கள் இருவருடனும் இக்குழந்தையுடனும் பிறர் ஆதரவில் வாழ நேர்ந்தது. பின்னர் அவர்கள் சென்னையை அடைந்து, நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவைப் பெற்றார்கள். துபாஷியாவார் கும்பினி உத்தியோகத்தருக்கும் நாட்டு மக்களுக்கும் இடையில் நின்று, மொழிபெயர்ப்பும் வாணிகமும் பணப்பொறுப்பும் ஒருங்கே நடத்துபவர். பச்சையப்பர் இளம்பருவத்திலேயே அவரிடம் ஆங்கில மொழியும் கணக்கும் பழகி, சிறு கொள்முதல்களில் தரகு பெற்றுப் பொருளீட்டத் தொடங்கினார்.

காலக்கிரமத்தில் அவர் சலிவன் என்னும் ஆங்கில உத்தியோகத்தருக்குத் துபாஷியாகித் தஞ்சாவூர் சென்றார். அங்கே தஞ்சை அரசுக்கும் கும்பினியாருக்கும் இடையே நிகழ்ந்த பெருங் கொடுக்கல் வாங்கல்களில் அவர் கை இருந்தது. கும்பினியாட்சியின் குழப்பகாலத்தில் வந்த செல்வம் அது. அதனை முற்றும் புண்ணியவழியில் வந்த செல்வமென்று நாம் புகழவேண்டுவதில்லை. ஆயினும் அவர் அதனைப் புண்ணியவழியிற் செலுத்த விரும்பினார் என்பதில் ஐயமில்லை. காஞ்சியிலுஞ் சிதம்பரத்திலும் திருப்பணி செய்தார். பிராமண போசனமும் ஏழைகளுக்கு அன்னமும் நடத்தினார்.

இல்வாழ்க்கையில் அவருக்கு அமைதி குறைவு. மனைவியர் இருவர், ஆண்மகவு இல்லை. நோயுற்றுத் தளர்ந்த நிலையில், 1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் தேதி அவர் மரணசாசனம் எழுதினார். காசி முதற் கன்னியாகுமரி வரையுள்ள தலங்களிலே பூசையும் அன்னதானமும் பிற தருமங்களும் நடைபெறத் தம் பொருளை அதில் ஒதுக்கினார். நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்த நாராயண பிள்ளையிடமே ஒப்புவித்தார். ஒன்பதாம் நாள், அஃதாவது மார்ச்சு 31ஆம் தேதி, காவிரிக்கரையிலுள்ள திருவையாற்றிலே சிவபதமடைந்தார். அப்பொழுது வயது நாற்பது.

இனி நிகழ்ந்தது உபாத்தியாயர்கள் ஊன்றி நோக்கத்தக்கது. சாசனம் இருந்தது, பொருள் இருந்தது, செய்யவேண்டிய தருமங்களும் இருந்தன. ஆனால் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எக்கோயிலுக்கு எவ்வளவு, யார் யாருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்னும் ஒழுங்கு நிலைநாட்டப்படவில்லை. நம்பிக்கை ஒருவர்மேல் வைக்கப்பட்டது. அவர் காலத்தின்பின் யாது செய்வது என்பதற்கு வழியில்லை. உறவினர் உரிமை கோரி வழக்காடினர். பொறுப்பு ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியது. தருமங்கள் குன்றின. ஈட்டியவர் நாற்பது ஆண்டே வாழ்ந்தார். அவர் பொருள் ஒழுங்குபெறுதற்கோ அதனினும் நெடுங்காலஞ் சென்றது.

சென்னைச் சுப்பிரீம் கோர்ட்டிலே இத்தருமத்துக்காக முயன்றவர்கள் இருவர். ஒருவர் சர் ஹெர்பர்ட் கொம்ப்டன். மற்றவர் ஜோர்ஜ் நோர்ட்டன். இருவரும் அட்வகேட் ஜெனரல் பதவி வகித்தவர்கள். வேற்றுச் சமயத்தவராகிய அவர்கள் ஒரு சைவப் பிரபுவின் தருமத்தைப் பாழாகாது மீட்டமை நன்றியுடன் நினைக்கத்தக்கது. கோர்ட்டின் தீர்ப்பினால், தெய்வ தருமங்களுக்கென 1 இலக்கம் வராகன் அசையா முதலாக அமைந்தது. ஒரு வராகன் மூன்றரை ரூபாவாகக் கொள்ளின் அது மூன்றரை இலக்கம் ரூபாவாகும். முதலைத் தொடாது வட்டியைக் கொண்டே கோயிற் றருமங்கள் நடைபெறவேண்டுமென விதிக்கப்பட்டது. பரிபாலனத்துக்கு இந்து தருமகர்த்தர் சபையொன்று ஏற்பட்டது. ஆண்டுகள் பல கழிந்தமையாற் குவிந்திருந்த மிகுதிப் பணமோ கல்விக்கென வகுக்கப்பட்டது.

அம்மிகுதியின் பயனாக 1842ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1ஆம் தேதி சென்னைக் கறுப்பர் பட்டணத்திலே பச்சையப்பன் பாடசாலை திறக்கப்பட்டது. மிஷனரிமாரின் பாடசாலைகளையன்றி ஆங்கிலக் கல்விக்கு வேறு வழி அரிதாயிருந்த அக்காலத்தில், இந்துப் பிள்ளைகளுக்கு இஃது ஒரு பெரும் புகலிடமாயிற்று. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை இராமானுஜன் 1906ஆம் ஆண்டு சேர்ந்து பயின்றதும் அங்கேயே. ஒரு குறையும் சொல்லவேண்டும்: அக்கல்லூரி இந்துக்களல்லாதாருக்கும் திறக்கப்பட்டது 1947ஆம் ஆண்டிலேதான். தருமத்தின் கணக்குச் சீர்பட்ட பின்னும் அதன் வாயில் அகலுதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது.

இச்சரித்திரத்தில் நாம் மிக மதிப்பது வேறொன்று. தருமகர்த்தர்கள் இந்த ஏற்பாட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலுங் கல்லிற் பொறித்து ஆலயங்களிலே நாட்டினார்கள். பெட்டியிற் பூட்டிய சாசனத்தைக் கண்டவர் சிலர். கோயிலிலே நாட்டிய கல்லையோ எழுத்தறிந்தவர் எவரும் வாசிக்கலாம். தருமம் இன்னதென்று அறிந்தவர், அது நடக்கின்றதா என்று கேட்கலாம். கணக்கு என்பது எழுதிவைத்தலோடு முடிவதன்று. பிறர் காண வைத்தலிலேயே முடிகின்றது.

எம் குற்றத்தையும் மறைத்தல் தகாது. கிறிஸ்தவ மிஷனரிமார் தாபித்த வித்தியாசாலையொன்றில் நாம் கற்றோம். சிறு தொகைக்கும் பற்றுச்சீட்டு எழுதும் ஒழுங்கை அங்கே கண்டோம். கண்டும் நாம் அதனைக் கைக்கொண்டோமல்லோம். 2004ஆம் ஆண்டு மார்கழியிலே கடல் பொங்கி எழுவான்கரையை அழித்தபோது, நாமுஞ் சில இளைஞரும் பணமும் அரிசியுஞ் சேர்த்து அகதிகளுக்குக் கொடுத்தோம். இரவுபகல் உழைத்தோம், ஒரு சதமேனும் எடுத்தோமல்லோம். ஆனால் வந்ததையும் போனதையும் எழுதினோமல்லோம். எல்லாப் பணமும் ஒரே பையிற் கிடந்தது. சில மாதஞ் சென்றபின் ஒரு முதியவர், தாம் கொடுத்த பணம் யாருக்குச் சென்றதென்று அமைதியாக வினவினார். எம்மிடம் விடையில்லை. எமக்கு முதலில் எழுந்தது கோபம்; வெட்கம் பின்னரே வந்தது. அவர் எம்மைக் கள்வரென்றாரல்லர். கேட்கவேண்டியதைக் கேட்டார். அன்று முதல் எம்முடன் உழைத்த இளைஞர்மேலும் ஊரிற் சிறு ஐயம் படிந்தது. அவர்கள் குற்றமற்றவர்களென்று காட்ட எம்மிடம் ஓர் ஏடும் இல்லாமையே அதற்குக் காரணம்.

ஆதலின், சைவ உபாத்தியாயர்களே, கணக்குக் கேட்டலை அவமதிப்பென்று எண்ணும் வழக்கத்தை நம் ஊர்களிலிருந்து நீக்குதல் நம் கடமை. கணக்கு நேர்மையாளனுக்குக் காவல். பாடசாலை அபிவிருத்திச் சங்கமாயினும், ஆலய சபையாயினும், மரணசகாய சங்கமாயினும், வாங்கும்போதே பற்றுச்சீட்டு எழுதுக. திருப்பணிப் பணத்தை அன்னதானத்திலும், அன்னதானப் பணத்தைத் திருவிழாவிலுங் கலவாதொழிக. காசேட்டை அன்றன்றே முடிக்க. பொருளாளர் ஒருவரும் கணக்காய்வு செய்பவர் வேறொருவருமாக இருக்க. ஆண்டு முடிவில் வரவு செலவை மண்டபச் சுவரில் யாவருங் காண ஒட்டுக.

பிள்ளைகளையும் இதிற் பழக்குதல் எளிது. மேல்வகுப்பு மாணாக்கர் இருவரிடம் சரஸ்வதி பூசைக்குச் சேரும் பணத்தை ஒப்புவித்து, வரவு செலவை அவர்களே எழுதிச் சபையில் வாசிக்கச் செய்க. மற்றப் பிள்ளைகள் வினா எழுப்புக. வினவப்பட்ட பிள்ளை முகஞ்சுளியாது ஏட்டைத் திறந்து காட்டக் கற்குமாயின், நாளை அப்பிள்ளை வண்ணக்கராகும்போது ஊருக்கு அச்சமில்லை.

பச்சையப்ப முதலியார் ஈட்டிய பொருள் பெரிது. கொடுத்த மனம் அதனினும் பெரிது. ஆயினும் அவ்விரண்டும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கணக்கின்றித் தத்தளித்தன. கணக்கு வந்த பின்னரே கோயில்களிலே விளக்கெரிந்தது. பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்தது. கொடையிற் சிறியோராகிய நாம் கணக்கிலாவது பெரியோராய் ஒழுகத் திருவருள் துணைசெய்க.