விளக்கு ஏந்திய கை கணக்கும் எழுதியது!

சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு ஆலையில் விபத்து என்று சேதி வந்தால் ஊரே ஓடும். மறுநாள் பத்திரிகைகளில் இறந்தவர்களின் எண்ணிக்கை பெரிய எழுத்தில் வரும். 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை விருதுநகர் மாவட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். உதவி செய்ய ஓடியவர்களும், வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அவர்களில் உண்டு.

தீ அணைந்த பிறகு நடப்பது அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. காயம் பட்டவர்கள் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள். கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, மறுபடி கட்டுப் போடுபவர் நர்சு. காய்ச்சல் எவ்வளவு, எவ்வளவு தண்ணீர் உள்ளே போயிற்று, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்று மணிக்கு மணி ஒரு தாளில் குறிப்பவரும் அவரே. ஒருவர் ஏன் பிழைத்தார், இன்னொருவர் ஏன் பிழைக்கவில்லை என்பதைப் பிறகு அந்தத் தாள்தான் சொல்லும்.

இப்படிக் குறித்து வைத்த கணக்கைக் கொண்டே ஒரு பெரிய சாம்ராஜ்யத்தின் சர்க்காரை ஆட்டி வைத்தார் ஒரு மாது. அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். விளக்கைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள். கணக்கைப் பற்றிச் சொல்வோர் குறைவு.

பணக்கார வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலி தேசத்தின் பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். பெற்றோர் ஆங்கிலேயர்; பெரும் பணக்காரர்கள். தகப்பனார் படித்தவர். மகள்கள் இருவருக்கும் கிரேக்கம், லத்தீன், சரித்திரம் எல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். பிளாரன்சுக்கோ கணக்கின் மேல் ஆசை. பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று வீட்டில் எதிர்ப்பு. போராடித்தான் படித்தார்.

பதினேழாவது வயதை எட்டும் முன்பே, கடவுள் தன்னை ஏதோ ஒரு பணிக்கு அழைக்கிறார் என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்துவிட்டது. அந்தப் பணி நோயாளிகளுக்குச் சேவை செய்வது என்று பிறகு முடிவு செய்தார். வீட்டில் பூகம்பம்! அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நர்சு வேலைக்கு மதிப்பே கிடையாது. குடிப்பழக்கம் உள்ளவர்கள், வேறு பிழைப்பு இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று எண்ணினார்கள். நல்ல வரன் வந்தது. பல வருஷம் யோசித்து, வேண்டாம் என்றார். முப்பது வயதுக்கு மேல், 1851-ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்துக்குப் போய் மூன்று மாதம் பயிற்சி பெற்றார்.

ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரி

கிரிமியா யுத்தம் மூண்டது. காயம் பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, துருக்கி நாட்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டு வந்தார்கள். துருக்கியர் கொடுத்த பழைய பட்டாளத்துக் கட்டிடம்தான் ஆஸ்பத்திரி. அங்கே நடக்கும் அலங்கோலத்தைப் பத்திரிகைகள் எழுதின. லண்டனில் கொந்தளிப்பு. யுத்த மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவர் கேட்டுக்கொள்ள, 38 நர்சுகளுடன் அம்மையார் புறப்பட்டார். 1854-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி போய்ச் சேர்ந்தார்.

ராணுவ டாக்டர்கள் இந்தப் பெண்களை உள்ளே விடவில்லை. அம்மையார் சண்டைக்குப் போகவில்லை. கட்டுத் துணி தைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுநாளே இன்கர்மன் சண்டை. காயம் பட்டவர்கள் வெள்ளமாக வந்ததும் டாக்டர்களே வந்து கூப்பிட்டார்கள்.

உள்ளே கண்ட காட்சி! படுக்கப் பாய் இல்லை. கழுவக் கிண்ணம் இல்லை. எலிகள் ஓடின. கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்து நாறியது. அம்மையார் சமையல் கூடம் வைத்தார். வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சிப்பாய்களின் மனைவிமாரைக் கொண்டு துணி வெளுக்கச் செய்தார். இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு விளக்குடன் வரிசை வரிசையாகச் சுற்றி வந்தார். அந்த விளக்கு, படங்களில் காணும் மூக்கு வைத்த விளக்கு அல்ல. காகிதத்தால் செய்த துருக்கிக் கூண்டு விளக்கு.

இவ்வளவு செய்தும் சாவு குறையவில்லை. இதைத்தான் பள்ளிப் புத்தகம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்த நோயாளிகளில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. சாக்கடையைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் வரும் வாய்க்காலில் செத்த குதிரை ஒன்று கிடந்தது, அதை எடுத்தார்கள். காற்று வரச் செய்தார்கள். ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 பேர் என்று இறங்கியது!

சங்குச் சக்கரம் போல ஒரு படம்

1856-ல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பினார். வரவேற்பு வேண்டாம் என்று மிஸ் ஸ்மித் என்ற பெயரில் பிரயாணம் செய்தார். நாடே புகழ்ந்தது. அவருக்கு நிம்மதி இல்லை. புள்ளிவிவர நிபுணர் வில்லியம் பார் என்பவருடன் உட்கார்ந்து சாவுக் கணக்கைப் பார்த்தார். குண்டடியாலும் வெட்டுக்காயத்தாலும் இறந்தவர்கள் ஒரு பங்கு என்றால், காலரா, வயிற்றுக் கடுப்பு, காய்ச்சல் போன்ற நோய்களால் இறந்தவர்கள் மூன்று நான்கு பங்கு. தான் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரியே அந்த நோய்கள் பரவிய இடம் என்று கணக்கு காட்டியது. வேறொருவராயிருந்தால் அந்தத் தாளை மடித்து வைத்திருப்பார். அம்மையார் அச்சிட்டார்.

எண்களை மந்திரிமார் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே 1858-ல் ஒரு படம் போட்டார். தீபாவளிக்கு நாம் சுற்றவிடும் சங்குச் சக்கரம் போல வட்டமாக இருக்கும். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துண்டுகள். காயத்தால் வந்த சாவு சிவப்பு. தடுத்திருக்கக் கூடிய நோயால் வந்த சாவு நீலம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் ஒரு பார்வையில் புரிந்துகொள்ளலாம். நீலம் சிவப்பை விழுங்கி நின்றது. அதே ஆண்டு, இங்கிலாந்தின் புள்ளிவிவரச் சங்கம் அவரை அங்கத்தினராகச் சேர்த்தது. அதில் சேர்ந்த முதல் பெண் அவர்தான்.

தீக்காயத்திலும் இந்தச் சிவப்பும் நீலமும் உண்டு. முதல் இரண்டு நாள் உடம்பின் நீர் வற்றிப் போவது ஆபத்து. அதைத் தாண்டியவருக்குப் புண்ணில் கிருமி ஏறுவது ஆபத்து. தோல் என்ற வேலி போய்விட்டதல்லவா? கழுவிய கையும், சுத்தமான கட்டும், பருப்பு, முட்டை, பால் என்று சத்துள்ள சாப்பாடும் அங்கே மருந்துக்குச் சமம். தீப்பட்டவுடன் வீட்டில் செய்யக்கூடியது, சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் காயத்தின் மேல் விடுவது. மை, மஞ்சள், எண்ணெய், பற்பசை எதுவும் பூசக் கூடாது.

பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த சுமார் 45 ஆயிரம் பவுன் நிதியில், 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அங்கே படித்தவர்கள் பல நாடுகளுக்குப் போனார்கள்.

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. பிடிவாதக்காரர். நோயுற்றிருந்த சிட்னி ஹெர்பர்ட்டை ஓய்வெடுக்க விடாமல் வேலை வாங்கினார்; ஹெர்பர்ட் 1861-ல் இறந்துபோனார். நோய்க்குக் காரணம் கெட்ட காற்றுதான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். காரணம் தவறு, ஆனால் அவர் சொன்ன வைத்தியம், அதாவது சுத்தம், சரியாகவே இருந்தது.

பார்க்காத பாரதம்

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. யுத்தத்தில் பிடித்த காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. படுக்கையிலிருந்தபடியே நம் நாட்டின் பட்டாள முகாம்கள் ஒவ்வொன்றுக்கும் கேள்வித் தாள் அனுப்பினார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாக்கடை எங்கே போகிறது? பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் இறப்பது 1863-ல் வெளியானது. பத்து ஆண்டு கழித்து அது 18 ஆகக் குறைந்ததை எடுத்துக் காட்டினார். சிப்பாய்க்குச் செய்ததை ஏழைக் கிராமத்தானுக்கும் செய்யுங்கள் என்று பிறகு ஓயாமல் எழுதினார்.

1866 முதல் 1872 வரை சென்னைக் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, யுத்த காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்தில் இருந்தவர், அம்மையாரை அறிந்தவர். அவர் காலத்தில், 1871-ல், சென்னை பொது ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் நான்கே பேர்! இன்று விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022-ல் திறந்தார்கள்.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பசியோடு காலராவும் அம்மையும் சேர்ந்து வாரிக்கொண்டு போயின. லண்டனில் படுக்கையிலிருந்தபடி அம்மையார் சாவுக் கணக்கைச் சேகரித்தார். கஞ்சித் தொட்டி வைத்தால் மட்டும் போதாது, கால்வாய் வெட்டுங்கள், குடியானவனை வட்டிக்காரனிடமிருந்து காப்பாற்றுங்கள் என்று 1878-ல் பத்திரிகையில் எழுதினார். ஆங்கில துரைகளுக்கு அது பிடிக்கவில்லை. அவர் விடவில்லை.

முதுமையில் கண் பார்வை போயிற்று. 1907-ல் அரசர் ஆர்டர் ஆப் மெரிட் விருது கொடுத்தார். பெண்களில் அதை முதலில் பெற்றவர் அவரே. 1910 ஆகஸ்டு 13-ந் தேதி, தொண்ணூறாவது வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. மன்னர்கள் உறங்கும் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். கிழக்கு வெல்லோ என்ற சிறு ஊரின் கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லில் முழுப் பெயரும் இல்லை. பெயரின் முதலெழுத்து இரண்டும், பிறந்த காலமும், இறந்த காலமும் மட்டும் இருக்கின்றன.