பகைவர் நடுவே புனித அருளானந்தர்

மேற்கே கல்வராயன் மலை காவலாய் நிற்கும் நம் கள்ளக்குறிச்சியில், வீட்டில் நோய் வந்தாலும் தேர்வு நெருங்கினாலும் நாம் ஆண்டவரை அவசரமாய்க் கூவி அழைக்கிறோம். உதவி உடனே வராவிடில் மனம் சோர்கிறோம். தோழியரே, இருமுறை பகைவர் கையில் சிக்கிய புனித அருளானந்தரின் வாழ்வைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

1647 மார்ச் 1-ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில், உயர்குடியில் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. அரண்மனையில் இளவரசரின் தோழராய் வளர்ந்தார். சிறுவயதில் கடும் நோயுற்றபோது, அவர் அன்னை புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. நேர்ச்சைப்படி ஓராண்டு இயேசு சபை அங்கியை அணிந்தார். 1662-ல் அச்சபையிலேயே சேர்ந்தார்.

குருவான பின் 1674-ல் மதுரை மிஷனுக்கு வந்தார். காவி உடுத்திப் புலால் மறுத்து, அருளானந்தர் என்னும் பெயருடன் பண்டார சுவாமியாய் வாழ்ந்தார். நமக்கு வடகிழக்கே உள்ள செஞ்சி நாட்டிலும், தஞ்சை நாட்டிலும் கால்நடையாய்ச் சென்று மறை பரப்பினார்.

1686-ல் மறவர் சீமையில் உபதேசியாரோடு பிடிபட்டார். விலங்கிட்டனர், அடித்தனர், நீரில் அமிழ்த்தி வதைத்தனர். அவரோ விசுவாசத்தை மறுக்கவில்லை. சாவு நிச்சயம் என்றிருந்த வேளையில், சேதுபதி மன்னர் அவரை அழைத்து விசாரித்தார். இனி இங்கே போதிக்கக் கூடாதென்று ஆணையிட்டு விடுதலை செய்தார்.

பின் சபை அவரைத் தாயகம் அனுப்பியது. அன்றைய இளவரசர் இப்போது மன்னர். அங்கேயே தங்குமாறு வேண்டினார். அருளானந்தரோ தமிழகம் திரும்பினார்.

நோயிலிருந்து குணமடைந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்பி, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முன்வந்தார். விலக்கப்பட்ட இளைய மனைவி சேதுபதியின் உறவினர். அவரது முறையீட்டால் 1693 ஜனவரியில் அருளானந்தர் மீண்டும் சிறைப்பட்டார். இம்முறை விடுதலை வரவில்லை. சிறையில் கரியைக் கரைத்து மையாக்கி, மகிழ்ச்சி ததும்பும் மடல் எழுதினார். பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில், வெட்ட வந்தவனைத் தழுவிய பின் முழந்தாளிட்டு உயிர் துறந்தார். 1947 ஜூன் 22-ல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஓரியூரின் செம்மணலை இன்றும் பக்தர்கள் எடுத்துச் செல்கின்றனர்.

முதன்முறை ஆண்டவர் அவரைப் பகைவரிடமிருந்து மீட்டார். மறுமுறை அச்சத்திலிருந்தும் பகைமையிலிருந்தும் மீட்டார். ஆபத்தில் நாமும் தயங்காமல் உதவி கேட்போம்; அது எவ்வழியில் வந்தாலும் ஏற்கும் துணிவையும் சேர்த்தே கேட்போம்.